வளவு பனோரமா: எக்ஸ்போஷர்களை முதலில் கலப்பதா, ஒட்டிய பிறகு கலப்பதா?

நிழற்கட்டு:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஆயா வீடு. பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பு தாண்டி உள்ளே போனால் வானம் பார்த்த வளவு, சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரம், பர்மா தேக்குத் தூண்கள், கீழே ஆத்தங்குடிக் கல். மழைச்சாரல் உள்ளே அடிக்கிறது, பராமரிக்க முடியவில்லை என்று பங்காளிகள் கூடிப் பேசி, வளவுக்கு மேலே ஷீட் போட்டு மூடிவிட முடிவு செய்துவிட்டார்கள். தை மாதம் வேலை ஆரம்பம். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வெளிச்சம் போய்விடும். முற்றத்தில் விழுந்து, தாழ்வாரத்துக் கல்லில் பட்டு, உள்ளறை வாசல் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போகிற அந்த வெளிச்சத்தை ஒரு முழுச்சுற்றுப் படமாக எடுத்து, பெரிதாக அச்சடித்து ஆயாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது.

போன ஞாயிறு மத்தியானம் எடுத்தேன். 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமரா, 18 எம்எம் லென்ஸ், செங்குத்தாக வைத்து 30 டிகிரிக்கு ஒன்றாக 12 திசை. ஒவ்வொரு திசைக்கும் மூன்று படம், இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு அல்லது பாதி) குறைவாக ஒன்று, நடுவில் ஒன்று, இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒன்று. மொத்தம் 36, எல்லாம் ரா (கேமராவின் மூலக் கோப்பு), ட்ரைபாடில்தான். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு மூன்றையும் என்ஃபியூஸ் என்ற கலக்கும் மென்பொருளில் கலந்து 12 படமாக்கினேன், அந்த 12-ஐ ஹியூகின் என்ற பனோரமா மென்பொருளில் போட்டு ஒட்டினேன்.

வந்த படம் எனக்குத் திருப்தியாக இல்லை. ஒரே சுவர் ஒரு இடத்தில் வெளுத்தும் அடுத்த இடத்தில் பழுப்பாகவும் பட்டை பட்டையாக ஏறி இறங்குகிறது. முற்றத்தில் வெயில் விழுந்த இடம் வெறும் வெள்ளை. மற்றபடி எல்லாமே ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டது, உள்ளறை வாசலில் டியூப்லைட் போட்ட மாதிரி. இது போக, பக்கத்துத் தூண் ஒன்று ஒட்டு விழுந்த இடத்தில் இரண்டாகப் பிளந்து, அதன் அடியில் கல்லின் பூ வேலைப்பாடும் சேராமல் நிற்கிறது.

கலந்துவிட்டு ஒட்டியது தவறா? ஒட்டிவிட்டுக் கலக்க வேண்டுமா? இருக்கிற 36 படத்தை வைத்து ஏதாவது மீட்க முடியுமா, இல்லை திரும்பப் போய்த்தான் எடுக்க வேண்டுமா?

முக்காலி:

தம்பி, முதலில் ஒன்று சொல்லுங்கள், கேமரா எந்த மோடில் இருந்தது? அபெர்ச்சர் பிரையாரிட்டியில் (ஷட்டர் நேரத்தைக் கேமராவே முடிவு செய்கிற மோடு) பிராக்கெட் (ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுப்பது) வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு திசைக்கும் கேமரா புதிதாக ஒளி அளந்து தன் "நடு"வை மாற்றிக்கொண்டே போயிருக்கும். முற்றத்தைப் பார்த்தால் ஒரு நடு, சுவரைப் பார்த்தால் வேறொரு நடு. பட்டை விழாமல் என்ன செய்யும்?

மீதிப் பாதி நீங்கள் கலந்த வரிசையில் இருக்கிறது. என்ஃபியூஸ் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது தானாகவே புரியும். 2007-ல் மெர்டென்ஸ், கவுட்ஸ், வான் ரீத் என்று மூன்று பேர் வெளியிட்ட எக்ஸ்போஷர் ஃபியூஷன் முறைதான் அது. ஒவ்வொரு பிக்சலுக்கும், எந்தப் படத்தில் அது நடுச்சாம்பலுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தப் படத்துக்குக் கூடுதல் மதிப்பு கொடுக்கும் (நிறச்செறிவுக்கும் கொஞ்சம் மதிப்பு உண்டு). ஆனால் பிக்சலை அப்படியே வெட்டி ஒட்டினால் ஓரம் ஓரமாகத் தெரியும் இல்லையா, அதனால் படத்தை நுண்ணிய விவரம், நடுத்தர விவரம், பரந்த ஒளி என்று பல அடுக்காகப் பிரித்து, அடுக்கடுக்காகக் கலக்கும். இந்த அடுக்கு வித்தை அதற்கும் பழையது, 1983-ல் பர்ட், ஆடெல்சன் என்ற இருவர் படங்களை ஒட்டுவதற்காகவே எழுதியது. ஒட்டு தெரியாமல் சேர்க்கும் என்பிளெண்டும் இதே வித்தையில்தான் ஓடுகிறது.

இப்போது பாருங்கள். பரந்த அடுக்குகளில் ஒரு பிக்சலின் முடிவு அதைச் சுற்றியுள்ள பெரிய பரப்பைப் பொறுத்தது. உங்கள் சுவரின் அதே துண்டு, வெயில் முற்றம் பக்கத்தில் இருக்கிற படத்தில் ஒரு மாதிரி கலக்கும், இருட்டு வாசல் பக்கத்தில் இருக்கிற அடுத்த படத்தில் வேறு மாதிரி கலக்கும். அந்த இரண்டையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து ஒட்டச் சொன்னால் ஒட்டுகிற மென்பொருள் பாவம் என்ன செய்யும், சராசரி பார்த்து மழுப்பத்தான் முடியும்.

அதனால் வளவு மாதிரி இடத்துக்கு என் பழக்கம் தலைகீழ். குறைந்த எக்ஸ்போஷர் படங்களை மட்டும் சேர்த்து ஒரு முழு பனோரமா, அடுத்த எக்ஸ்போஷருக்கு இன்னொன்று, இப்படி எத்தனை எக்ஸ்போஷரோ அத்தனை முழுச் சுற்று. பிறகு அந்த முழுச் சுற்றுகளைக் கலப்பது. அப்போது கலக்கிற மென்பொருளுக்கு வளவு முழுதும் ஒரே படமாகத் தெரியும், சுவர் நடுவில் அது மனசு மாற வழியில்லை. ஹியூகின் ஸ்டிட்சர் பக்கத்திலேயே இரண்டும் தனித்தனித் தேர்வாக இருக்கிறது. ஒன்று "ஸ்டாக்"கை, அதாவது ஒரே திசையில் எடுத்த படங்களை, முதலில் கலந்து பிறகு ஒட்டும், மற்றது "எனி அரேஞ்ச்மென்ட்" என்று போட்டிருக்கும், அதுதான் ஒரே மாதிரி எக்ஸ்போஷர்களை முதலில் ஒட்டி, பிறகு கலப்பது. ஆனால் எல்லாப் படமும் ஒரே ப்ராஜெக்ட்டில், ஒரே சீரமைப்பில் இருக்க வேண்டும். எக்ஸ்போஷருக்கு ஒரு ப்ராஜெக்ட் என்று தனித்தனியாக ஒட்டினால் ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைந்து, கடைசியில் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது.

நிழற்கட்டு:

சார், நீங்கள் சொன்னது சரிதான், அபெர்ச்சர் பிரையாரிட்டிதான். இப்போது படங்களின் தகவலைத் திறந்து பார்த்தேன். எஃப்/8, ஐஎஸ்ஓ 100. முற்றத்தைப் பார்த்த திசையில் நடுப்படம் 1/60, உள்ளறைச் சுவரைப் பார்த்த திசையில் நடுப்படம் 1/4. நான்கு ஸ்டாப் வித்தியாசம்! ஒயிட் பேலன்ஸும் ஆட்டோவில்தான் இருந்தது, ரா என்பதால் அதை மாற்றிக்கொள்ளலாம்.

அப்படியானால் எக்ஸ்போஷர் வாரியாகப் பிரித்து அடுக்கவே முடியாதே? எந்த ஷட்டர் வேகத்திலும் 12 திசையும் முழுதாக இல்லை.

மெல்லொளி:

தம்பி, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப் போகிறேன். முக்காலி சார் சொன்ன காரணம் சரி, ஆனால் "ஒட்டிவிட்டுக் கல" என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. நான் கல்யாண மண்டபங்களில் முழுச்சுற்றுப் படம் எடுக்கிறவள், ஆட்கள் நடமாட்டம் இருக்கிற இடத்தில் அந்த வரிசையில் நிறையப் பட்டிருக்கிறேன். என்பிளெண்ட் ஒவ்வொரு பனோரமாவுக்கும் ஒட்டுக்கோட்டைத் தானே தேடும். இருட்டுச் சுற்றில் கோடு ஒரு ஆளின் இடப்பக்கமாகப் போகும், வெளிச்சச் சுற்றில் அதே ஆளின் வலப்பக்கமாகப் போகும். இரண்டையும் கலந்தால் அரை ஆள் கண்ணாடி மாதிரி நிற்பார். தூணிலும் இது நடக்கும், பேரலாக்ஸ் (லென்ஸ் நகர்வதால் பக்கத்துப் பொருள் பின்னணியை விட்டு விலகித் தெரிவது) சரி செய்யப்படாவிட்டால். முதலில் கலந்துவிட்டு ஒட்டினால் ஒட்டுக்கோடு ஒன்றே ஒன்றுதான், மாஸ்க் போட்டு, அதாவது வேண்டாத பகுதியை மறைத்து, ஒதுக்குவதும் சுலபம். 12 படத்தில் மாஸ்க் வரைவதும் 36 படத்தில் வரைவதும் ஒன்றா?

வெளிச்சம் எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிற இடத்தில், மலை மேல், கடற்கரையில், மேகமூட்டமான நாளில், கலந்துவிட்டு ஒட்டினாலும் பட்டை தெரியாது. ஆனால் உங்கள் வளவுக்கு முக்காலி சார் கட்சிதான் நான். ஆள் இல்லாத வீடு, வெளிச்சம் திசைக்குத் திசை மாறுகிறது.

இருக்கிற 36-ஐ மீட்கலாம், விட்டுவிடாதீர்கள். என்ஃபியூஸை மறந்துவிட்டு எச்டிஆர் (ஹை டைனமிக் ரேஞ்ச்) வழியில் போங்கள். ஃபியூஷனுக்கும் எச்டிஆருக்கும் இங்கேதான் பெரிய வேறுபாடு. ஃபியூஷன் "எது பார்க்க நன்றாக இருக்கிறது" என்று தேர்ந்தெடுக்கிறது, அந்தத் தேர்வு படத்துக்குப் படம் மாறும். எச்டிஆர் கணக்குப் போடுகிறது: பதிவான அளவை ஷட்டர் நேரத்தால் வகுத்தால் அந்தச் சுவரிலிருந்து உண்மையில் எவ்வளவு ஒளி வந்தது என்பது கிடைக்கும். 1/60-ல் எடுத்தாலும் 1/4-ல் எடுத்தாலும் அதே சுவருக்கு அதே எண்தான் வரும். அதனால் உங்கள் நடு மாறிப் போனது இதற்கு ஒரு பொருட்டே இல்லை. 36 ராவையும் ஒரே அமைப்பில், ஒரே ஒயிட் பேலன்ஸில், ஆட்டோ எதுவும் இல்லாமல் 16 பிட் டிஃப் ஆக மாற்றி, எல்லாவற்றையும் ஒரே ஹியூகின் ப்ராஜெக்ட்டில் போடுங்கள். மாற்றும்போது எக்சிஃப் தகவல் காணாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஷட்டர் நேரத்தை அது அங்கிருந்துதான் படிக்கிறது. ஃபோட்டோமெட்ரிக் சீரமைப்பு (படங்களின் ஒளி அளவுகளைப் பொருத்துவது) ஓட்டிவிட்டு, வெளியீட்டில் ஹை டைனமிக் ரேஞ்ச் தேர்ந்தெடுத்தால் ஒரு இஎக்ஸ்ஆர் கோப்பு வரும். டோன் மேப்பிங்கை (அந்தப் பெரிய ஒளி வீச்சைத் திரையிலும் தாளிலும் அடங்கச் சுருக்குவது) அந்த முழுச் சுற்றின் மேல் ஒரே ஒரு தடவை செய்யுங்கள். திசைக்குத் திசை தனியாகச் செய்தால் திரும்பவும் அதே பட்டைதான்.

லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்களுக்கு 2018 முதல் எச்டிஆர் பனோரமா என்று ஒரே கட்டளையில் இருக்கிறது, ஒவ்வொரு திசைக்கும் ஒரே எண்ணிக்கையில் ஒரே இடைவெளியில் பிராக்கெட் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இலவசம் வேண்டுமென்றால் ஹியூகின் போதும்.

வெயில் விழுந்த இடம் மூன்று படத்திலும் வெள்ளையாகப் போயிருந்தால் மட்டும் எந்தக் கணக்கும் அதைத் திருப்பிக் கொண்டுவராது.

கம்பிநூல்:

தூண் பிளந்ததைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது கலப்பதில் வந்த குறை இல்லை, எடுத்ததில் வந்தது.

கேமரா சுழல்கிற அச்சு ட்ரைபாட் திருகின் மேல் இருக்கிறது. ஆனால் லென்ஸ் உலகத்தைப் பார்க்கிற புள்ளி அதற்குச் சில அங்குலம் முன்னால். எல்லோரும் நோடல் பாயின்ட் என்று சொல்வது அதைத்தான். இந்த இடைவெளி 8 செமீ என்று வையுங்கள். 30 டிகிரி திருப்பினால் லென்ஸின் பார்வைப் புள்ளி சுமார் 4 செமீ பக்கவாட்டில் நகர்கிறது. தூண் மூன்றடி தூரத்தில் இருந்தால், பின்னால் இருக்கிற சுவரோடு ஒப்பிட உங்கள் படத்தில் அது ஏறக்குறைய 200 பிக்சல் தள்ளிப் போகும். எந்த மென்பொருளும் இதை மறைக்காது. வெறும் மண் தரையாக இருந்தால் கண்ணுக்குப் படாமல் போகலாம். ஆத்தங்குடிக் கல்லில் கட்டமும் பூவும் வரிசையாக இருப்பதால் ஒரு விரற்கடை விலகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். 

சரி செய்ய ஒரு நோடல் ஸ்லைடு போதும், தண்டவாளம் மாதிரி கேமராவைப் பின்னால் நகர்த்துகிற பட்டை. கேமராவுக்கு இரண்டடி முன்னால் ஒரு நூலில் குண்டு கட்டித் தொங்கவிடுங்கள். அந்த நூலும் தூரத்துக் கதவு நிலையின் ஓரமும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி நில்லுங்கள். இப்போது கேமராவை இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் திருப்பிப் பாருங்கள். நூல் நிலையை விட்டு விலகினால் கேமராவைப் பட்டையில் முன்னே பின்னே நகர்த்துங்கள். விலகாமல் நிற்கிற இடம் கிடைத்ததும் பட்டையில் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள், 18 எம்எம்முக்கு இனி அதுதான். எனக்கு முதல் தடவை இருபது நிமிடம் ஆனது, அடுத்த தடவை தேவையே படவில்லை.

இன்னொன்று, வெயில். மத்தியானம் கூரை ஓரத்து நிழல் முற்றத்துக் கல்லில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் நகர்கிறது. 12 திசை, ஒவ்வொன்றிலும் ஐந்து படம் என்றால் எட்டு நிமிடமாவது ஆகும். முதல் படமும் கடைசிப் படமும் சேருகிற இடத்தில் நிழல் ஒரு சாண் தள்ளி நிற்கும். அதனால் சுற்றை இருட்டுச் சுவரில் ஆரம்பித்து இருட்டுச் சுவரிலேயே முடியுங்கள், வெயில் தெரிகிற மூன்று நான்கு திசையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து வரட்டும். போலரைசர் (மினுக்கைக் குறைக்கிற ஃபில்டர்) மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அந்த முட்டை வெள்ளைக்கரு பூச்சுச் சுவர் பளபளவென்று இருக்கும், திருப்பத் திருப்ப அதன் மினுக்கு மாறும்.

முக்காலி:

மெல்லொளி சொன்ன எச்டிஆர் வழி அருமை, இருக்கிற படத்துக்கு அதுதான் சரி. அரை ஆள் பிரச்சினையும் உண்மை, அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

திரும்பப் போகிறீர்கள் என்றால்: முழு மேனுவல், எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ஃபோகஸும் ஒயிட் பேலன்ஸும் பூட்டி, ஷட்டர் மட்டும் 1/500, 1/125, 1/30, 1/8, 1/2. வெயிலுக்கு 1/500, உள்ளறை வாசலுக்கு 1/2. பன்னிரண்டு திசைக்கும் இதே ஐந்து, முற்றத்தைப் பார்க்காத திசையில் 1/500 கன்னங்கரேலென்று வந்தாலும் எடுங்கள், அடுக்கு முழுதாக இருக்க அது வேண்டும். கேமராவில் மூன்று பிராக்கெட்தான் உண்டென்றால் கையால் திருப்பாதீர்கள், ஃபோனிலிருந்து ஷட்டரை மாற்றுங்கள், விரல் பட்டாலே ஐந்தும் ஒன்றன் மேல் ஒன்று உட்காராது.

அப்புறம் "டியூப்லைட்" விஷயம். அதுதான் உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். என்ஃபியூஸ் எல்லாவற்றையும் நடுச்சாம்பலுக்கு இழுக்கும், அதன் வேலையே அது. உள்ளறை வாசல் இருட்டாக இருப்பது உங்களுக்கு அழகு, அதற்குக் குறை. அதனால் ஐந்தையும் அதன் கையில் கொடுக்காதீர்கள். 1/2 சுற்றை விட்டுவிட்டு நான்கை மட்டும் கலந்து பாருங்கள். அப்போதும் தட்டையாக இருந்தால், கலந்து வந்த படத்தின் மேல் 1/30 சுற்றைத் தனி லேயராக வைத்து பாதியளவு ஒளிபுகவிடுங்கள். இரண்டும் பிக்சலுக்குப் பிக்சல் ஒரே அளவு என்பதால் அப்படியே பொருந்தும். கண் அந்த இடத்தில் எதைப் பார்த்ததோ அதற்குப் பக்கத்தில் வந்துவிடும். விவரம் தெரிய வேண்டும் என்பதற்காக நிழலைக் கொன்றுவிட்டால் வளவை எடுத்து என்ன பயன்?

நிழற்கட்டு:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

பழைய 36-ஐ எச்டிஆரில் போட்டேன். பட்டை முழுதாகப் போய்விட்டது, அதே படங்கள்தானா என்று இருந்தது. முற்றத்தில் வெயில் விழுந்த கல் மட்டும் குறைந்த எக்ஸ்போஷரிலும் போயிருந்தது, அக்கா சொன்ன மாதிரி அது வரவில்லை. தூணும் பிளந்தேதான் நின்றது.

அதனால் சனிக்கிழமை திரும்பப் போனேன். காலையில் எடுத்தால் வெளிச்ச வித்தியாசம் குறைவு, வேலை சுலபம் என்று முதலில் நினைத்தேன். ஆயாவிடம் சொன்னதற்கு, "மத்தியானம் வெயில் இந்தக் கல்லுக்கு வரும்போதுதானப்பா நான் இங்க உக்காந்து அரிசி புடைப்பேன்" என்றார். அதனால் மத்தியானமே. நூல் கட்டி நோடல் புள்ளி கண்டுபிடித்தேன், ஸ்லைடில் கோடு போட்டாயிற்று. உள்ளறைச் சுவரில் ஆரம்பித்து அங்கேயே முடித்தேன், 60 படம், ஒன்பது நிமிடம்.

ஹியூகினில் ஒட்டிவிட்டுக் கலக்கும் வழி. தூண் முழுசாக நிற்கிறது, கல்லின் பூக்கள் சுற்றி வந்து சேருகின்றன. ஒரே இடத்தில் கொடியில் கிடந்த துண்டு காற்றில் ஆடி இரட்டையாகத் தெரிந்தது, அந்தத் திசையில் ஒரே படத்தை வைத்துக்கொண்டு, மேலே படிகிற பக்கத்துத் திசைப் படங்களில் மாஸ்க் போட்டேன், சரியாகிவிட்டது. 1/2 சுற்றை விட்டுவிட்டு நான்கு சுற்று, மேலே 1/30 சுற்று நாற்பது சதவீதம். உள்ளறை வாசல் இருட்டாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலைப்படியின் செதுக்கு வேலை உற்றுப் பார்த்தால் தெரிகிறது. நேரில் நின்றாலும் அப்படித்தான்.

அகலம் முப்பதாயிரம் பிக்சலுக்குக் கொஞ்சம் மேல் வந்திருக்கிறது. எட்டு அடிக்கு அச்சடித்தாலும் அங்குலத்துக்கு 300-க்குக் குறையாது. தாழ்வாரத்தில் இரண்டு கதவுக்கு நடுவில் இருக்கிற சுவரை அளந்து வைத்துவிட்டு வந்தேன், எட்டே கால் அடி.

கம்பிநூல்:

கேன்வாஸில் வேண்டாம், பளபளப்பில்லாத மேட் தாளில் போடுங்கள். முற்றத்து வெளிச்சம் எதிரே அடிக்கிற இடம், அந்த வெளிச்சம் இன்னும் தை வரைக்கும் இருக்கிறது.

நிழற்கட்டு:

சரி அண்ணா, மேட் தாளிலேயே சொல்லிவிட்டேன்.